மழையைத் தேடி மலைக்குப் போன தொலைநோக்கி

1850-ல் பாரிஸ் நகரத்துத் தொலைநோக்கி ஒன்று சென்னைக்கு வாங்கப்பட்டது. லெரெபூர் – செக்ரெத்தான் என்ற பிரெஞ்சுக் கம்பெனியின் தயாரிப்பு. கண்ணாடியின் அகலம் ஆறே அங்குலம். அது போய்ச் சேர்ந்த இடம் நுங்கம்பாக்கம். கிழக்கிந்தியக் கம்பெனி 1792-லேயே அங்கே ஒரு வானாய்வுக் கூடம் கட்டியிருந்தது. உள்ளே பதினைந்தடி உயரத்தில் கருங்கல் தூண் ஒன்றை நிறுத்தி, கட்டிய செய்தியைத் தமிழிலும் தெலுங்கிலும்கூடப் பொறித்து வைத்திருந்தது. ஊருக்குச் சரியான நேரம் சொல்வது, நிலம் அளப்பவர்களுக்குத் தீர்க்கரேகை குறித்துக் கொடுப்பது, நட்சத்திரங்களுக்கு அட்டவணை போடுவது எல்லாம் அந்தக் கூடத்தின் வேலைகள். புதிதாக வந்த ஆறங்குலத்துக்கும் ராத்திரி உத்தியோகம்தான். அதைப் பகல் வேலைக்கு மாற்றி, ஏழாயிரத்துச் சொச்சம் அடி உயர மலைக்கு அனுப்பப்போவது ஒரு பஞ்சம் என்று அன்று யாருக்கும் தெரியாது.

1861-ல் நார்மன் பாக்சன் அந்தக் கூடத்துக்குத் தலைவராக வந்தார். நட்சத்திரங்களின் பிரகாசத்தை அளக்க உலகம் இன்றும் பயன்படுத்தும் கணக்கை வகுத்தவர் இவர்தான். வந்த சில வாரங்களிலேயே புதிய குறுங்கோள் ஒன்றைக் கண்டுபிடித்து அதற்கு 'ஆசியா' என்று பெயர் வைத்தார். ஆசியக் கண்டத்திலிருந்து கண்டுபிடிக்கப்பட்ட முதல் குறுங்கோள் அது. அவருடன் வேலை பார்த்தவர் சிந்தாமணி ரகுநாதாச்சாரி. 1867-ல் 'ஆர் ரெட்டிகுலி' என்ற நட்சத்திரத்தின் ஒளி கூடுவதையும் குறைவதையும் கண்டறிந்தார். 1872-ல் லண்டன் ராயல் வானியல் கழகத்தில் இடம் பெற்ற முதல் இந்தியர் ஆனார். 1874 டிசம்பரில் வெள்ளிக் கோள் சூரியனைக் கடக்கப்போகிறது என்றதும், அது என்ன, ஏன் என்று சாதாரண ஜனங்களுக்கு விளங்கும்படி இந்திய மொழிகளில் சிறு நூல் எழுதினார். பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குப் பாடமாக இருக்க வேண்டிய இந்த மனிதரைத் தமிழ்நாடு ஏறக்குறைய மறந்தே போனது பெரிய குறை.

1868 ஆகஸ்ட் 18-ல் நேர்ந்த முழுச் சூரிய கிரகணத்துக்கு பாக்சன் மசூலிப்பட்டணம் போனார். ரகுநாதாச்சாரி தனிக் குழுவோடு வனபர்த்திக்குப் போனார். அந்தக் கிரகணத்தின்போது சூரிய ஒளியில் தெரிந்த, யாருக்கும் அடையாளம் தெரியாத மஞ்சள் கோட்டுக்குப் பின்னாளில் ஹீலியம் என்று பெயர் வந்தது. சூரியனை ஆராய்வது வானியலில் அப்போது புதிதாகத் திறந்த கதவு. சென்னை அந்தக் கதவுக்குள் நுழையப் பணமோ அரசாங்கத்தின் அக்கறையோ இல்லை. எட்டு வருஷம் கழித்து அக்கறை வந்தது, ஆனால் மிகக் கொடிய விலையில்.

1876-ல் மழை பொய்த்தது. தாது வருஷப் பஞ்சம் என்று மூன்று நான்கு தலைமுறைக்குப் பாட்டிமார் சொல்லிச் சொல்லிப் பயந்த பஞ்சம் அதுதான். 1878 வரை நீடித்து, தென்னிந்தியாவில் மட்டும் 50 லட்சத்துக்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோயிற்று. கஞ்சித் தொட்டிகளைத் தேடி ஊர் ஊராக ஜனங்கள் நடந்தார்கள். சென்னையின் பக்கிங்ஹாம் கால்வாயில் ஒரு பகுதி அந்த எலும்பும் தோலுமான கைகள் வெட்டியது. நிவாரண வேலைக்கு வந்தவனுக்கு நாளொன்றுக்கு ஒரு ராத்தல் தானியமும் சொற்பக் காசும் போதும் என்று அரசாங்க அதிகாரி சர் ரிச்சர்ட் டெம்பிள் கணக்குப் போட்டார். அதே நாட்களில் துறைமுகங்களிலிருந்து தானியம் கப்பலேறிக்கொண்டிருந்தது. இந்தச் சாவுகளுக்கு யார் பொறுப்பு என்ற கேள்வி லண்டன் வரை போனபோது, ஒரு விநோதமான பதில் கிடைத்தது: சூரியன்.

பதிலைச் சொன்னவர்கள் லேசுப்பட்டவர்கள் அல்லர். ஒருவர் நார்மன் லாக்கியர், ஹீலியத்துக்குப் பெயர் வைத்தவர். இன்னொருவர் இந்தியப் புள்ளிவிவரங்களைத் தொகுத்த வில்லியம் ஹன்டர். சூரியனின் முகத்தில் கரும்புள்ளிகள் தோன்றுவதும் மறைவதும் ஏறத்தாழ 10 வருஷச் சுழற்சியில் நடக்கின்றன என்று ஜெர்மானியரான ஷ்வாபே 1843-லேயே காட்டியிருந்தார். சென்னையில் பதிவான மழைக் கணக்கை ஹன்டர் அந்தச் சுழற்சியோடு பொருத்திப் பார்த்தார். புள்ளிகள் குறையும் வருஷங்களில் மழையும் குறைகிறது என்று தோன்றியது. 1877-ல் இருவரும் சேர்ந்து இதைக் கட்டுரையாக எழுதினார்கள். அப்போது சூரியனும் புள்ளிகள் மிகக் குறைந்த கட்டத்தில்தான் இருந்தது. இது உண்மையானால் அடுத்த பஞ்சத்தைப் பல வருஷங்களுக்கு முன்பே சொல்லிவிடலாம்! பழி வானத்தின் மேல் போனது ஆட்சிக்கு வசதியாக இருந்தது என்பதும் உண்மை. அதற்காக அந்த இருவரின் ஆர்வம் பொய்யாகிவிடாது. பஞ்சத்தை ஆராய வந்தவர்கள், சூரியனைத் தவறாமல் கவனிக்க வேண்டும் என்றார்கள். 1878-ல் டேராடூனில் சூரியனைத் தினம் படமெடுக்கத் தொடங்கினார்கள். தெற்கே, பஞ்சம் தின்ற மண்ணிலேயே, ஒரு கூடம் வேண்டும் என்ற பேச்சும் எழுந்தது.

பாக்சன் இந்த வாய்ப்பைப் பற்றிக்கொண்டார். சென்னையின் புழுதிக்கும் கடற்கரை ஈரத்துக்கும் மேலே, மலை ஒன்றில் இருபதங்குலத் தொலைநோக்கி வைக்க வேண்டும் என்று 1880-களின் தொடக்கத்தில் எழுதினார். எந்த மலை? நீலகிரியா, பழனி மலையா? பார்த்து வரும் பொறுப்பு, சென்னை கிறிஸ்துவக் கல்லூரியில் பௌதிகம் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்த சார்லஸ் மிச்சி ஸ்மித் என்ற இளம் ஸ்காட்லாந்துக்காரரிடம் வந்தது. 1883 செப்டம்பரில் சென்னை வானத்தில் சூரியன் பச்சையாகத் தெரிந்து ஊரே கலங்கியபோது, நிறமாலைக் கருவியைத் தூக்கிக்கொண்டு அதை ஆராய்ந்தவர் அவர். இரண்டு வாரத்துக்கு முன் ஜாவாவுக்குப் பக்கத்தில் வெடித்த கிரக்கட்டோவா எரிமலையின் தூசுதான் சூரியனுக்குப் பச்சை பூசியிருந்தது. அந்த வருஷம் தொடங்கி 1885 வரை அவர் மலை மலையாக ஏறிக் காற்றின் தெளிவைச் சோதித்தார். அறிக்கை போனது. அதன் பிறகு வருஷங்கள் ஓடினவே தவிர ஒன்றும் நடக்கவில்லை.

30 வருஷம் சென்னையிலேயே உழைத்த பாக்சன் 1891 ஜூனில் இறந்துபோனார். கேட்ட தொலைநோக்கி வரவில்லை. மகள் ஐசிஸ் இளம் வயதிலிருந்தே அப்பாவின் கூடத்தில் கணக்கு உதவியாளராக வேலை பார்த்தவர். 1898 வரை அங்கேயே இருந்தார். மலைக்கூடம் என்ற யோசனையும் பாக்சனோடு போயிருக்க வேண்டியது. ஆனால் அவருடைய நாற்காலிக்கு வந்தவர் மிச்சி ஸ்மித். எந்த மலையில் வானம் தெளிவு என்பதைத் தன் கண்ணால் பார்த்திருந்த ஒரே ஆள்!

1893 ஜூலை 20. லண்டனில் கெல்வின் பிரபு தலைமையில் கூடிய குழு கோத்தகிரியைத் தள்ளிவிட்டுக் கொடைக்கானலைத் தேர்ந்தெடுத்தது. நட்சத்திரங்களுக்கான பெரிய தொலைநோக்கி என்ற பேச்சு பின்னால் போய், சூரியனுக்கு மட்டுமான ஆய்வகம் என்று திட்டமே உருமாறியிருந்தது. 1895-ல் சென்னை கவர்னர் வென்லாக் பிரபு அடிக்கல் நாட்டினார். கூடம் பெரிது, கையிருப்போ சிறிது. அந்த நேரத்தில்தான் நுங்கம்பாக்கத்தின் ஆறங்குலத்துக்கு அழைப்பு வந்தது. டப்ளின் நகரத்து கிரப் கம்பெனி 1898-ல் அதைப் பிரித்துத் திருத்தி, சூரியனைப் படம் பிடிக்கும் கருவியாக மாற்றிக் கொடுத்தது. ஏறக்குறைய ஐம்பது வயதான கருவிக்குப் புதிய உத்தியோகம் கிடைத்தது. அதை மலைக்கு மேலே எப்படிக் கொண்டுபோவது?

கொடைக்கானலுக்கு அப்போது மோட்டார் சாலை கிடையாது. அது பல வருஷம் கழித்துத்தான் வந்தது. ரயிலில் வந்தால் அம்மையநாயக்கனூரில் இறங்க வேண்டும். அங்கிருந்து மலையடிவாரம் வரை மாட்டுவண்டி. பெரியகுளத்துப் பக்கம் கிருஷ்ணமநாயக்கன் தோட்டத்தில் மூட்டை முடிச்செல்லாம் இறங்கும். அதற்கு மேல் குறுகலான மலைப்பாதை, குதிரை, டோலி, சுமை தூக்கும் ஆட்கள். கொடைக்கானலின் வீடுகளும் பியானோக்களும் கோயில் மணிகளும் அந்தத் தோள்களின் மேல்தான் ஏறின. சூரியனைப் பார்க்கும் கண்ணாடிகளும் அப்படித்தான். அந்த ஆட்களின் பெயரை யாரும் எழுதி வைக்கவில்லை. கொடைக்கானலின் வரலாற்றில் என்னை மிகவும் உறுத்துவது இதுதான்.

1899-ல் வானாய்வு வேலை மலைக்கு மாறியது. நுங்கம்பாக்கத்தில் தங்கியது வானிலைக் கணக்கு. ஒவ்வொரு ஐப்பசியிலும் 'நுங்கம்பாக்கத்தில் இத்தனை சென்டிமீட்டர்' என்று செய்தியில் வருகிறதே, அது இந்தப் பாகப்பிரிவினையில் வந்த சொத்து. மழைக்காகப் பிறந்த கூடம் மலைக்குப் போக, மழையை அளப்பது மட்டும் சென்னையிலேயே நின்றது. கொடைக்கானலில் 1901-ல் வேலை ஒழுங்காகத் தொடங்கியது. 1904-ல் கேம்பிரிட்ஜிலிருந்து, சூரியனை ஒரே ஒரு நிறத்தின் வெளிச்சத்தில் மட்டும் படம் பிடிக்கும் கருவி வந்தது. அதைச் சரியாக ஓட்டவைக்கக் கை தேர்ந்த ஆள் தேவைப்பட்டது. கிடைத்தவரோ பட்டம் வாங்கிய வானியலாளரே அல்லர்.

ஜான் எவர்ஷெட் லண்டனில் ரசாயனப் பரிசோதனை செய்யும் கம்பெனி ஒன்றில் சம்பளத்துக்கு இருந்தவர். மாலையிலும் விடுமுறையிலும் வீட்டுத் தோட்டத்தில் தானே செய்த கருவிகளால் சூரியனைப் பார்ப்பார். கிரகணம் எங்கே என்றாலும் மூட்டை கட்டுவார். 1898-ல் இந்தியாவுக்கே வந்து பார்த்துவிட்டுப் போயிருந்தார். 1896-ல் நார்வேக்குக் கிரகணம் பார்க்கப் போன கூட்டத்தில் மேரி ஓர் என்ற பெண்ணும் இருந்தார். தென்வானத்து நட்சத்திரங்களுக்கு வழிகாட்டி எழுதியவர், இத்தாலியக் கவி தாந்தேயின் வானியல் அறிவை ஆராய்ந்துகொண்டிருந்தவர். இருவரும் 1906-ல் கல்யாணம் செய்துகொண்டார்கள். அமெரிக்கா, ஜப்பான் என்று உலகத்தைச் சுற்றிக்கொண்டு 1907 ஜனவரியில் கொடைக்கானல் வந்து சேர்ந்தார்கள். மேரியின் தாந்தே நூல் கொடைக்கானல் வாசத்தின்போதே அச்சேறியது. சூரியனின் விளிம்பில் எழும் தீக்கொழுந்துகளைப் பற்றி 1913-ல் அவர் தன் பெயரில் தனியாக ஆய்வுக் கட்டுரையும் வெளியிட்டார். சம்பளப் பட்டியலில் அவர் பெயர் இல்லை.

வழியில் அமெரிக்காவில் எவர்ஷெட் பார்த்துப் பழகிய வானியலாளர் ஜார்ஜ் ஹேல், 1908-ல் பெரிய வெடியைக் கொளுத்திப் போட்டார். சூரியப் புள்ளிகள் காந்த மண்டலங்கள் என்று நிரூபித்தார். அவற்றைச் சுற்றிச் சூறாவளிபோல வாயு சுழல்வதாகவும் படங்களில் தெரிந்தது. அப்படியானால் அந்தச் சுழற்சியின் வேகத்தை நேரடியாக அளந்துவிடலாமே! எவர்ஷெட் தன் கையாலேயே ஒரு சக்திவாய்ந்த நிறமாலைமானியை அமைத்தார். அதில் சூரிய ஒளி ஒரு நீண்ட பட்டையாக விரியும். பட்டையின் குறுக்கே தலைமுடி போன்ற கருங்கோடுகள். ஒளி தரும் வாயு நம்மை நோக்கி வந்தால் கோடு ஊதாப் பக்கம் நகரும். விலகிப் போனால் சிவப்புப் பக்கம். சுழல்காற்றுக்கு உண்டான அடையாளத்தைத் தேடி அவர் காத்திருந்தார்.

1909 ஜனவரி 5. பலத்த மழை அடித்து ஓய்ந்திருந்தது. வானம் கழுவித் துடைத்தாற்போல் இருந்ததோடு, காற்றும் நடுங்காமல் நின்றது. இவர்களுக்கு நீலத்தைவிட அந்த நடுக்கமின்மைதான் வரம். சூரியனில் பெரிய புள்ளிகள் இரண்டு இருந்தன. சூரிய பிம்பத்தின் நடுவிலிருந்து விளிம்பு நோக்கிப் போகும் திசையில், புள்ளியின் குறுக்கே கருவியின் பிளவை வைத்தார். கோடுகள் சாய்ந்து நின்றன. புள்ளியின் கரிய நடுவைச் சுற்றி இழையிழையாக ஒரு மங்கிய வளையம் உண்டு. அதில் சூரிய நடுவை ஒட்டிய பக்கத்தில் கோடு ஊதாவுக்கும், விளிம்பை ஒட்டிய பக்கத்தில் சிவப்புக்கும் இழுபட்டிருந்தது. சுழற்சி என்றால், பிளவை விளிம்புக்கு இணையாகத் திருப்பும்போது சாய்வு அதிகமாக வேண்டும். திருப்பினால் சாய்வே காணோம். அடுத்தடுத்த நாட்களிலும் அதேதான். புள்ளி சூரியனின் நட்ட நடுவுக்கு வந்தபோது சாய்வு அடியோடு மறைந்தது. இதற்கு ஒரே ஒரு விளக்கம்தான் பொருந்தியது. வாயு சுழலவில்லை, புள்ளியின் நடுவிலிருந்து நாலாபக்கமும், சூரிய மேற்பரப்பை ஒட்டியே, விநாடிக்குச் சுமார் 2 கிலோமீட்டர் வேகத்தில் வெளியே பாய்ந்துகொண்டிருந்தது! சூறாவளியைத் தேடிப் போனவர் யாரும் எதிர்பாராத பெருக்கைக் கண்டார். உலகப் பாடநூல்களில் அதற்கு 'எவர்ஷெட் விளைவு' என்று பெயர். 2008-ல் இந்திய அஞ்சல் துறை அதற்கு ஒரு தபால்தலை வெளியிட்டது.

மிச்சி ஸ்மித் 1911-ல் ஓய்வு பெற்றார். ஊருக்குத் திரும்பவில்லை, கொடைக்கானலிலேயே தங்கி 1922-ல் அங்கேயே காலமானார். எவர்ஷெட் இயக்குநரானார். 1912-ல் புனே ஆய்வகம் ஒன்று மூடப்பட, அங்கிருந்த தொலைநோக்கி கொடைக்கானலுக்கு வந்தது. அதன் கண்ணாடி சரியாக இருபது அங்குலம். பாக்சன் கேட்ட அளவு, அவர் இறந்து 21 வருஷம் கழித்து!

ஆனால் மழை என்னவாயிற்று? கொடைக்கானல் ஆய்வகம் இந்திய வானிலைத் துறையின்கீழ்தான் இருந்தது. 1904 முதல் 1924 வரை அந்தத் துறைக்குத் தலைவர், சிம்லாவில் இருந்த கில்பர்ட் வாக்கர் என்ற கணித மேதை. சூரியப் புள்ளியையும் இந்திய மழையையும் எண்களாக எதிரெதிரே நிறுத்தி அவர் கணக்குப் போட்டார். பிடித்துக்கொள்ளும்படி உறவு ஏதும் தேறவில்லை. லாக்கியரும் ஹன்டரும் நம்பிய அடித்தளமே ஆட்டம் கண்டது. வாக்கர் அதோடு விடாமல், உலகெங்குமிருந்து வந்த காற்றழுத்தக் கணக்குகளைக் குடைந்தார். பசிபிக் பெருங்கடலில் அழுத்தம் ஏறினால் இந்தியப் பெருங்கடலில் இறங்குகிறது. பருவமழையின் கயிறு அங்கே கிடக்கிறது. தெற்கத்திய அலைவு என்று அவர் பெயரிட்ட அதுதான், எல் நினோ என்று இன்று பேப்பரில் வரும் விஷயத்தின் மறுபாதி. 1876 – 78 பஞ்சத்துக்குப் பின்னால் இருந்ததும் பசிபிக் கடலில் உண்டான மிகப் பலமான எல் நினோதான் என்று பிற்காலத்து ஆய்வுகள் காட்டின. தாது வருஷத்து மழையைச் சூரியன் பறிக்கவில்லை.

கூடத்தின் காரணமே பொய்த்துவிட்டது. மூடியிருக்கலாம், யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். மூடவில்லை. எவர்ஷெட் 1923-ல் ஓய்வு பெற்று இங்கிலாந்து போனார். தாமஸ் ராய்ட்ஸ் வந்தார், 1937-ல் முதல் இந்திய இயக்குநராக ஏ.எல். நாராயண் வந்தார், 1960-ல் வேணு பாப்பு வந்தார். வானம் தெளிந்திருந்த காலைகளில் படம் எடுக்கப்பட்டுக்கொண்டே இருந்தது. இரண்டு உலகப் போர்களிலும் எடுத்தார்கள், நாடு விடுதலை அடைந்தபோதும் எடுத்தார்கள். கண்ணாடித் தகடுகள் அலமாரி அலமாரியாகச் சேர்ந்தன. இதே வேலையை இதே பொறுமையோடு செய்த இடங்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். அவற்றில் ஒன்றான அமெரிக்காவின் மவுண்ட் வில்சன் 1985-ல் கால்சியம் ஒளிப் படங்களை, அதாவது அந்த ஒற்றை நிறப் படங்களை, நிறுத்திவிட்டது. கொடைக்கானலில் அவை 1904 முதல் 2007 வரை தொடர்ந்தன.

சூரியனில் எழும் புயல்கள் செயற்கைக்கோள்களையும் மின்கட்டமைப்பையும் சாய்க்கக்கூடும் என்று தெரிந்த பிறகு, சூரியனின் பழைய நடத்தையைப் பார்க்க உலகம் ஆதாரம் தேடியது. பத்துக்கும் மேற்பட்ட சூரியச் சுழற்சிகளின் படங்கள் பழனி மலை அலமாரிகளில் இருந்தன. அவற்றை இப்போது கணினிக்கு ஏற்றி, ஆராய்ச்சியாளர்களுக்குத் திறந்து வைத்திருக்கிறார்கள். 2023 செப்டம்பர் 2-ல் கிளம்பிய ஆதித்யா-எல்1 விண்கலத்தின் முக்கியக் கருவியைச் செய்த இந்திய வானியற்பியல் நிறுவனம்தான் 1971 முதல் கொடைக்கானல் ஆய்வகத்தையும் நடத்துகிறது.

கொடைக்கானலில் 'அப்சர்வேட்டரி' என்று ஒரு வட்டாரமே உண்டு. சுற்றுலா வருபவர்கள் அங்குள்ள காட்சிக்கூடத்தில் சூரிய பிம்பத்தைத் திரையில் பார்த்துவிட்டு அடுத்த இடத்துக்குக் கிளம்பிவிடுகிறார்கள். அதே வளாகத்தில், ஒரு கும்மட்டத்துக்குள், சூரியனின் வெள்ளொளிப் படத்தை எடுக்கும் தொலைநோக்கி இருக்கிறது. தாத்தா, அப்பா, பேரன் என்று ஒரே குடும்பத்தின் மூன்று தலைமுறை அதன் முன்னால் வேலை பார்த்திருக்கிறது. கண்ணாடித் தகடு போய் பிலிம் வந்தது, பிலிமும் போயிற்று. தொலைநோக்கி மாறவில்லை. அதன் கண்ணாடி ஆறங்குலம். 1850-ல் பாரிஸிலிருந்து நுங்கம்பாக்கத்துக்கு வாங்கியது.